ஃபேட்டி லிவர் என்று அறிக்கை வந்த பின்: மேற்கொண்டு பரிசோதனை தேவையா என்பதை முடிவுசெய்யும் முறை

தமக்குக் கல்லீரலில் கொழுப்பு இருக்கிறது என்பதைப் பெரும்பாலானோர் தேடிப்போய் அறிவதில்லை. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த வயிற்று ஸ்கேனில், 'கல் இல்லை' என்ற வரிக்குக் கீழே 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று இன்னொரு வரி இருக்கும். அதைப் பார்த்தவுடன் சிலர் 'இப்போது யாருக்குத்தான் இது இல்லை' என்று தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். வேறு சிலர் அன்றிரவே சிரோசிஸ், புற்றுநோய் என்று தேடிப் படித்து உறக்கத்தைத் தொலைக்கிறார்கள். உலக அளவில் வயதுவந்தவர்களில் ஏறத்தாழ 10 பேரில் 3 பேருக்கு இந்த நிலை இருப்பதால் முதல் வகையினரின் அலட்சியத்தில் சிறிது நியாயம் உண்டு. அந்தப் பெருங்கூட்டத்துக்குள் ஒரு சிறு பகுதியினருக்கு நோய் சத்தமில்லாமல் முற்றுவதால் இரண்டாம் வகையினரின் பயத்திலும் சிறிது நியாயம் உண்டு. நீங்கள் அந்தச் சிறு பகுதியில் இருக்கிறீர்களா என்பதை எந்த வரிசையில், எவ்வளவு குறைந்த பரிசோதனைகளைக் கொண்டு தெரிந்துகொள்ளலாம் என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். கல்லீரலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பது இரண்டாம்பட்சமான கேள்வி. அந்தக் கொழுப்பு கல்லீரலைப் புண்படுத்தி, புண் ஆறிய இடத்தில் நார் போன்ற தழும்பு விழத் தொடங்கியிருக்கிறதா என்பதே முதன்மையான கேள்வி. மருத்துவர்கள் ஃபைப்ரோஸிஸ் என்று சொல்லும் இந்தத் தழும்பை எஃப்0 முதல் எஃப்4 வரை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். எஃப்0 என்றால் தழும்பே இல்லை, எஃப்4 என்றால் கல்லீரல் முழுதும் தழும்பேறிய சிரோசிஸ். ஒருவரின் கல்லீரல் பிற்காலத்தில் எப்படி இருக்கும் என்பதை வேறு எந்த அளவைக் காட்டிலும் இந்த நிலைதான் முன்கூட்டிச் சொல்கிறது. ஆகவே 'மேற்கொண்டு பரிசோதனை வேண்டுமா' என்று கேட்கும்போதெல்லாம், 'தழும்பு இருக்க வாய்ப்புண்டா' என்பதைத்தான் நாம் கேட்கிறோம்.

படி 1: ஸ்கேன் அறிக்கையை முடிவுரையோடு நிறுத்தாமல் முழுதாக வாசியுங்கள்

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கொழுப்பு படிந்த கல்லீரல் பக்கத்தில் உள்ள சிறுநீரகத்தைவிட வெளுப்பாகத் தெரியும். சற்றே வெளுத்திருந்தால் கிரேடு 1. உள்ளே ஓடும் ரத்தக்குழாய்களின் ஓரங்கள் மங்கத் தொடங்கினால் கிரேடு 2. கல்லீரலின் பின்பகுதியும் உதரவிதானமும் கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு வெளுத்துவிட்டால் கிரேடு 3. கிரேடு என்பது இவ்வளவுதான். திரையில் தெரியும் வெளுப்பைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் மதிப்பீடு. ஒரே படத்தை இருவர் பார்த்தால் ஒருவர் 1 என்றும் மற்றவர் 2 என்றும் எழுதுவது சாதாரணமாக நடக்கிறது. அதனால் சென்ற ஆண்டு கிரேடு 2 ஆக இருந்தது இந்த ஆண்டு 1 ஆகிவிட்டது என்று மகிழ்வதற்கும், மாறாக நேர்ந்தால் கலங்குவதற்கும் முன்னால் இரண்டையும் பார்த்தவர் ஒருவரேதானா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. கிரேடு 1, 2, 3 என்பவை தழும்பின் நிலைகள் அல்ல. கிரேடு 3 கொழுப்போடு ஒரு தழும்புகூட இல்லாதவர்கள் இருக்கிறார்கள். கிரேடு 1 என்று எழுதப்பட்டவர்களிடம் முற்றிய தழும்பு காணப்படுவதும் உண்டு. நோய் முற்றி சிரோசிஸை நெருங்கும்போது கல்லீரலில் கொழுப்பே குறைந்துபோவது இதில் இன்னொரு வேடிக்கை. கிரேடு குறைந்ததை நல்ல செய்தி என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அறிக்கையின் நடுப்பகுதியில், பலரும் வாசிக்காமல் தாண்டிப்போகும் வரிகளில், நான்கு செய்திகளைத் தேடுங்கள். கல்லீரலின் மேற்பரப்பு மேடுபள்ளமாக இருக்கிறது என்றோ அதன் திசு சொரசொரப்பாகத் தெரிகிறது என்றோ எழுதியிருக்கிறதா? மண்ணீரல் வீங்கியிருக்கிறதா? குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை விரிந்திருக்கிறதா? வயிற்றில் நீர் சேர்ந்திருக்கிறதா? இவற்றுள் ஒன்று இருந்தாலும் இந்த வழிகாட்டியின் நடுப்படிகள் உங்களுக்குத் தேவையில்லை. நேராகக் கல்லீரல் மருத்துவரிடம் செல்லுங்கள். கட்டி அல்லது திட்டு என்று ஏதேனும் குறிப்பிடப்பட்டிருந்தால் அதற்குத் தனி விசாரணை தேவை. ஆனால் 'ஓரிடத்தில் மட்டும் கொழுப்பு படியவில்லை' என்ற பொருளில் எழுதப்படும் வரி பெரும்பாலும் கவலைக்குரியதன்று. பித்தப்பையை ஒட்டிய பகுதியில் அப்படித் தெரிவது மிக இயல்பு.

படி 2: காத்திருக்கக் கூடாதவர்கள்

கண் மஞ்சளித்தல், வயிறு நீர்கோத்து உப்புதல், ரத்த வாந்தி, தார் போன்ற கறுத்த மலம், திடீர்க் குழப்பமோ பகல் முழுவதும் தூங்கி வழிவதோ ஆகிய அறிகுறிகள் இருப்பவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனையில் பிலிருபின் கூடி, ஆல்புமின் குறைந்து, ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். உயர்ந்திருந்தாலும் தாமதம் ஆகாது. கர்ப்பக் காலத்தின் பிற்பகுதியில் வரும் கடுமையான ஃபேட்டி லிவர் வேறொரு நோய், அவசர சிகிச்சைக்குரியது. அதற்கும் கீழே சொல்லப்படுபவற்றுக்கும் தொடர்பில்லை. குழந்தைகளுக்கும் இங்குள்ள எண்கள் பொருந்தா.

படி 3: கொழுப்பு எதனால் வந்தது என்பதை உறுதிசெய்யுங்கள்

'மது அல்லாத கொழுப்புக் கல்லீரல் நோய்' என்று முன்பு அழைக்கப்பட்டதன் பெயர் 2023-இல் மாற்றப்பட்டது. இப்போது அதை வளர்சிதைமாற்றக் கோளாற்றோடு தொடர்புடைய கொழுப்புக் கல்லீரல் நோய் என்ற பொருளில் 'மாசல்டு' என்கிறார்கள். பெயர் மாறியது வெறும் அலங்காரத்துக்கு அன்று. 'மது அருந்துவதில்லை, எனவே இந்த நோய்' என்று விலக்கிச் சொல்வதை விட்டுவிட்டு, உடலில் எது இருப்பதால் இந்த நோய் என்று சொல்லும் முறைக்கு மருத்துவம் வந்திருக்கிறது. பார்க்க வேண்டியவை ஐந்து: உடல்பருமன் அல்லது தொப்பை. வெறும் வயிற்றில் 100 மில்லிகிராமோ அதற்கு மேலோ சர்க்கரை, அல்லது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. 5.7 சதவீதமோ அதற்கு மேலோ. ரத்த அழுத்தம் 130/85-ஐத் தொடுதல். டிரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல். நல்ல கொழுப்பான எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே இருத்தல் ஆகிய ஐந்தில் ஒன்றேனும் இருந்தால் அந்தப் பெயர் பொருந்தும். பருமனைக் கணக்கிடும் பி.எம்.ஐ. எல்லை பொதுவாக 25 என்றாலும், ஆசிய உடல்வாகு கொண்டவர்களுக்கு 23-இலேயே தொடங்குகிறது. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இந்த நோய் வருவது உண்மை.

ஐந்தில் ஒன்றும் இல்லையென்றால், அப்போது காரணத்தைத் தேடும் பரிசோதனைகளுக்கு வலுவான நியாயம் இருக்கிறது. ஐந்தும் இருந்தாலும்கூட, ஹெபடைடிஸ் பி, சி ஆகிய இரண்டு வைரஸ்களுக்கான ரத்தப் பரிசோதனையை வாழ்வில் ஒருமுறையேனும் செய்திருக்க வேண்டும் என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. இரண்டுமே கொழுப்போடு சேர்ந்து இருக்கக்கூடியவை, சிகிச்சை உள்ளவை, வெளியே தெரியாமல் பல ஆண்டுகள் பதுங்கியிருப்பவை. நீண்ட நாளாக ஸ்டீராய்டு, மெத்தோட்ரெக்சேட், டாமாக்ஸிஃபென், அமியோடரோன், வால்ப்ரோயேட் ஆகியவற்றுள் எதையேனும் உட்கொள்பவர்கள் அதை மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்; தாமாக நிறுத்தக் கூடாது. தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் கல்லீரலில் கொழுப்பு சேரும். இளம்வயதினருக்குக் காரணம் பிடிபடாமல் ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. எனப்படும் கல்லீரல் என்சைம்கள் உயர்ந்தே இருந்தால், உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோயை நினைவில் வைத்து, ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின் அளவைப் பார்ப்பார்கள். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிடின் உயர்ந்திருப்பதைப் பார்த்து இரும்பு தேங்கும் நோய் என்று பலர் பயப்படுகிறார்கள். கொழுப்புக் கல்லீரலே ஃபெரிடினை உயர்த்தும் என்பதால், அத்துடன், இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைச் சொல்லும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும் 45 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அந்தத் திசையில் போக வேண்டும்.

மதுவைப் பற்றி எழுதும்போது நாகரிகம் கருதி மழுப்புவதில் பயனில்லை. ஒரு நாளைக்குச் சராசரியாகப் பெண்கள் 20 கிராமும் ஆண்கள் 30 கிராமும் ஆல்கஹாலைத் தாண்டினால், கல்லீரல் பாதிப்பில் மதுவின் பங்கைத் தனியாகக் கணக்கில் கொள்கிறார்கள். 40 சதவீத ஆல்கஹால் உள்ள மதுவில் 60 மில்லிலிட்டர் என்பது ஏறத்தாழ 19 கிராம். 'எப்போதாவதுதான்' என்று சொல்பவர்கள் ஒரு வாரக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தால், விடை அவர்களையே வியக்கவைக்கலாம். இந்த எண்ணைக் குறைத்துச் சொன்னால் மருத்துவர் தவறான நோய்க்குப் பரிசோதனை எழுதுவார். செலவும் உங்களுடையது, கல்லீரலும் உங்களுடையது.

படி 4: கையில் இருக்கும் நான்கு எண்களைக் கொண்டு ஒரு கணக்கு

தழும்பு இருக்கும் வாய்ப்பை மதிப்பிட உலகெங்கும் முதலில் பயன்படுத்தப்படுவது ஃபிப்-4 என்ற கணக்கு. ஹெச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் சேர்ந்து இருந்த நோயாளிகளுக்காக 2006-இல் உருவாக்கப்பட்ட இது, பின்னர் கொழுப்புக் கல்லீரலுக்கும் பொருந்துவது தெரியவந்தது. இதற்குப் புதிய பரிசோதனை எதுவும் தேவையில்லை. உங்கள் வயது, கல்லீரல் பரிசோதனையில் உள்ள ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி., ரத்த அணுக்கள் எண்ணிக்கையில் உள்ள பிளேட்லெட் ஆகிய நான்கும் போதும். பழைய அறிக்கைகளில் ஏ.எஸ்.டி.யை எஸ்.ஜி.ஓ.டி. என்றும் ஏ.எல்.டி.யை எஸ்.ஜி.பி.டி. என்றும் போட்டிருப்பார்கள். ரத்தப் பரிசோதனைகள் ஏறத்தாழ ஒரே நாளில் எடுக்கப்பட்டவையாக இருக்க வேண்டும்.

வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்குங்கள். இது மேல் எண். பிளேட்லெட் எண்ணிக்கையை ஆயிரத்தால் வகுத்துக்கொண்டு, அதை ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். இது கீழ் எண். மேல் எண்ணைக் கீழ் எண்ணால் வகுத்தால் வருவது ஃபிப்-4.

இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாமவருக்கு வயது 44, ஸ்கேனில் கிரேடு 2, ஏ.எஸ்.டி. 40, ஏ.எல்.டி. 64, பிளேட்லெட் 2,50,000. அறிக்கையில் 64 என்ற எண்ணைத் தடித்த எழுத்தில் அச்சிட்டு, பக்கத்தில் 'அதிகம்' என்று குறித்திருப்பார்கள்; அவரும் வீட்டாரும் அதைப் பார்த்தே பாதி இளைத்திருப்பார்கள். கணக்கிட்டால் மேல் எண் 1,760. 64-இன் வர்க்கமூலம் 8 என்பதால் கீழ் எண் 250 பெருக்கல் 8, அதாவது 2,000. விடை 0.88.

இரண்டாமவருக்கு வயது 58, கிரேடு 1, ஏ.எஸ்.டி. 48, ஏ.எல்.டி. 36, பிளேட்லெட் 1,60,000. ஏ.எஸ்.டி. மட்டும் சற்றே கூடியிருக்கிறது. மற்றவை எல்லாம் அச்சிட்ட எல்லைக்குள்தான் இருக்கின்றன. 'ஒன்றுமில்லை, நடைப்பயிற்சி போங்கள்' என்று அனுப்பப்படக்கூடியவர். மேல் எண் 2,784. 36-இன் வர்க்கமூலம் 6, கீழ் எண் 960. விடை 2.90.

1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. 2.67-ஐத் தாண்டினால் வாய்ப்பு கணிசமானது. கல்லீரல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இடைப்பட்டது தீர்மானிக்க முடியாத பகுதி. அங்கே இரண்டாவது பரிசோதனை ஒன்று தேவைப்படுகிறது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு வயதே விடையை உயர்த்திவிடும் என்பதால் கீழ் எல்லையை 2.0 என்று வைத்துக்கொள்கிறார்கள். 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்தக் கணக்கை நம்ப முடியாது. அவர்களுக்கு விடை எப்போதும் குறைவாகவே வரும்.

இப்போது மேலே உள்ள இருவரையும் மறுபடி பாருங்கள். பயந்துபோன கிரேடு 2 காரருக்கு இப்போதைக்கு மேற்பரிசோதனை தேவையில்லை. 'ஒன்றுமில்லை' என்று அனுப்பப்பட்ட கிரேடு 1 காரருக்குத்தான் அது அவசரமாகத் தேவை. தழும்பு முற்ற முற்ற ஏ.எல்.டி. இறங்கி ஏ.எஸ்.டி. அதை முந்துவதும், மண்ணீரல் வீங்கி பிளேட்லெட்டைச் சிறைப்படுத்துவதால் அதன் எண்ணிக்கை மெல்லச் சரிவதும் இந்த நோயின் போக்கு. தனித்தனியாகப் பார்த்தால் எளிதில் கண்ணில் படாத இந்த நகர்வுகளை ஃபிப்-4 ஒன்றுசேர்த்துக் காட்டுகிறது. பிளேட்லெட் 1,50,000-க்குக் கீழே போயிருந்தால், கணக்கு என்ன சொன்னாலும் காரணத்தை விசாரித்தே ஆக வேண்டும்.

படி 5: கணக்கு பிசகும் இடங்களைச் சரிபாருங்கள்

உயர்ந்த விடை வந்தவுடன் அடுத்த பரிசோதனைக்கு ஓடுவதற்கு முன், ரத்தம் கொடுத்த நாளை நினைவுகூருங்கள். டெங்கு போன்ற காய்ச்சல் வந்து தேறிக்கொண்டிருந்த நாட்களா? பிளேட்லெட் குறைந்தும் ஏ.எஸ்.டி. கூடியும் இருந்திருக்கும். முந்தைய வாரத்தில் உடற்பயிற்சிக் கூடத்தில் புதிதாகப் பளு தூக்கத் தொடங்கினீர்களா? தசையிலும் ஏ.எஸ்.டி. உண்டு, கடும் பயிற்சிக்குப் பிறகு அது ஒரு வாரம்வரைகூட உயர்ந்திருக்கும். சில சமயம் ரத்தம் எடுத்து வைத்த சோதனைக் குழாயிலேயே பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எந்திரத்தின் எண்ணிக்கையில் குறைவாகக் காட்டும். நுண்ணோக்கியில் பார்த்தால் உண்மை தெரியும். இப்படி ஏதேனும் ஐயம் இருந்தால், சில வாரங்கள் கழித்து அதே பரிசோதனைகளை மறுபடி செய்து கணக்கிடுவது, விலையுயர்ந்த அடுத்த பரிசோதனையைக் காட்டிலும் அறிவார்ந்த செயல்.

படி 6: எண்ணுக்கு வெளியே உள்ளதையும் எடைபோடுங்கள்

ஃபிப்-4 குறைவாக இருந்தும் மேற்பரிசோதனையைப் பற்றி யோசிக்க வேண்டியவர்கள் உண்டு. அவர்களுள் முதலிடம் இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு. கல்லீரல் என்சைம்கள் இயல்பாக இருந்தாலும் நீரிழிவு உள்ளவர்களுக்குத் தழும்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கம் உட்படப் பல அமைப்புகளின் பரிந்துரை. தொப்பையோடு ரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு ஆகியவையும் சேர்ந்தவர்கள், ஆறு மாதங்களுக்கும் மேலாக என்சைம்கள் இறங்காதவர்கள், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்குக் கொழுப்பால் வந்த சிரோசிஸ் இருப்பவர்கள் ஆகியோரும் இந்த வரிசையில் வருவார்கள்.

என் கருத்தைக் கேட்டால், பத்தாண்டுக்கு மேல் நீரிழிவு உள்ள, 50 வயதைக் கடந்த ஒருவருக்கு ஃபிப்-4 1.2 என்று வந்தால், 1.3 என்ற கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறோம் என்று நிம்மதி கொள்ளாமல், ஒருமுறை கல்லீரல் விறைப்பை அளந்து பார்த்துவிடச் சொல்வேன். நீரிழிவே இல்லாத 40 வயதுக்காரருக்கு 0.7 என்று வந்தால், 'எதற்கும் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துவிடுவோமே' என்ற ஆலோசனையை மரியாதையோடு மறுக்கச் சொல்வேன். நோய் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவான இடத்தில் எந்தப் பரிசோதனையைச் செய்தாலும், உண்மையான நோயைவிடப் பொய்யான அச்சமே அதிகம் அகப்படும்.

படி 7: கல்லீரலின் விறைப்பை அளப்பது

ஃபிப்-4 விடை 1.3-க்கும் 2.67-க்கும் இடையில் இருந்தால், அல்லது படி 6-இல் சொன்னவர்களுள் ஒருவராக இருந்தால், அடுத்தது எலாஸ்டோகிராஃபி. ஃபைப்ரோஸ்கேன் என்ற வணிகப் பெயரிலேயே பலரும் இதை அறிவார்கள். தழும்பு விழுந்த கல்லீரல் விறைத்துப்போகும். விறைத்த பொருளில் அதிர்வு வேகமாக ஓடும். அந்த வேகத்தை அளந்து விறைப்பைக் கிலோபாஸ்கல் என்ற அலகில் சொல்வதே இதன் செயல்முறை.

மல்லாந்து படுத்து, வலக்கையைத் தலைக்குமேல் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். விலாவெலும்புகளின் இடைவெளி விரிவதற்காக அது. வலப்புற விலாவில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, பேனாக்கட்டையைவிடச் சற்றுப் பருமனான கருவியின் முனையை வைத்து, விரலால் சுண்டுவது போன்ற மெல்லிய தட்டு ஒன்றைத் தருவார்கள். வலி இருக்காது. பத்துத் தட்டுகளேனும் சரியாகப் பதிவாக வேண்டும். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இவ்வளவு எளிதாக இருப்பதாலேயே இதைக் கவனக்குறைவாகச் செய்வதும் எளிதாகிவிடுகிறது. குறைந்தது மூன்று மணி நேரம் எதுவும் உண்ணாமல் போக வேண்டும். உண்டவுடன் கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடி, விறைப்பு பொய்யாக உயரும். 'சாதாரண ஸ்கேன்தானே' என்று சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கும் எதுவும் கேட்காமல் எடுத்து அனுப்பும் இடங்கள் இல்லாமல் இல்லை. பருமனானவர்களுக்கு எக்ஸ்.எல். எனப்படும் தனி முனை உண்டு. அது இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். அறிக்கையில் ஐ.க்யூ.ஆர். என்று ஒரு சதவீதம் இருக்கும்; பத்து அளவுகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டுவது அது. 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் அந்த அளவீட்டின்மேல் முடிவெடுக்கக் கூடாது. இதயம் வலுவிழந்து கல்லீரலில் ரத்தம் தேங்கினாலும், பித்தநீர் அடைத்திருந்தாலும், கல்லீரல் அழற்சி கடுமையாக இருந்தாலும் எண் ஏறும்.

8 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 8 முதல் 12 வரை கல்லீரல் மருத்துவரின் கருத்து தேவை. 12-க்கு மேல் முற்றிய தழும்பின் வாய்ப்பு அதிகம். அதே தாளில் கேப் என்று இன்னொரு எண், 100-க்கும் 400-க்கும் இடையில், அச்சிடப்பட்டிருக்கும். அது கொழுப்பின் அளவு. அந்த எண் பெரிதாக இருப்பதால் பலர் முதலில் அதைப் பார்த்து அதிர்ச்சி அடைகிறார்கள். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது கிலோபாஸ்கலை.

படி 8: அதற்கும் மேலே

ஃபிப்-4 ஒன்று சொல்ல, எலாஸ்டோகிராஃபி வேறொன்று சொன்னால் மூன்றாவது சாட்சி தேவைப்படும். தழும்பு உருவாகும்போது ரத்தத்தில் கசியும் மூன்று பொருட்களை அளக்கும் இ.எல்.எஃப். பரிசோதனை ஒரு வழி, 9.8-ஐத் தாண்டினால் முற்றிய தழும்பின் ஐயம் வலுக்கிறது. எம்.ஆர்.ஐ. எந்திரத்தில் விறைப்பை அளக்கும் எம்.ஆர். எலாஸ்டோகிராஃபி ஃபைப்ரோஸ்கேனைவிடத் துல்லியமானது, மிகப் பருமனானவர்களிடமும் நன்கு வேலைசெய்வது. செலவும் கிடைக்கும் இடங்களும்தான் தடை.

ஊசியால் திசு எடுத்து ஆராயும் பயாப்சியை இன்று பெரும்பாலோருக்குச் செய்வதில்லை. ஊசியில் வரும் திசுத்துண்டு கல்லீரலின் ஏறத்தாழ 50,000-இல் ஒரு பங்குதான். பக்கத்தில் குத்தியிருந்தால் வேறு நிலை தெரிந்திருக்கலாம். கடுமையான ரத்தப்போக்கு அரிது என்றாலும் இல்லாததன்று. ஆயினும் தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சி போன்ற வேறு நோய் கலந்திருக்கிறதா என்ற ஐயம் இருக்கும்போதும், மற்றப் பரிசோதனைகள் ஒன்றோடொன்று முரண்படும்போதும் அதற்கு மாற்றில்லை. யாரேனும் உங்களுக்குப் பயாப்சி பரிந்துரைத்தால், 'எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள்?' என்று கேட்பது முழு உரிமை. நல்ல மருத்துவர் அதை விரும்பவே செய்வார்.

படி 9: விடை வந்தால் என்ன மாறும் என்று கேட்டுப் பாருங்கள்

எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை இதற்கு ஒரு சலிப்பான பதில் இருந்தது: தழும்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எடையைக் குறைக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். இப்போது நிலைமை மாறியிருக்கிறது. எஃப்2, எஃப்3 நிலையில் உள்ளவர்களுக்காக ரெஸ்மெட்டிரம் என்ற மருந்துக்கு அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2024 மார்ச்சில் ஒப்புதல் அளித்தது. செமாகுளுடைடு என்ற மருந்துக்கு 2025 ஆகஸ்டில் அதே நிலைகளுக்கு ஒப்புதல் கிடைத்தது. சிரோசிஸ் என்று தெரிந்தாலும் செய்ய வேண்டியவை மாறுகின்றன: கல்லீரல் புற்றுநோயை முளையிலேயே பிடிக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், உணவுக்குழாயில் ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறதா என்ற ஆய்வு ஆகியவை தொடங்க வேண்டும். ஆகவே ஃபிப்-4 உயர்ந்த ஒருவருக்கு மேற்பரிசோதனை என்பது வெறும் ஆர்வத்தைத் தணிப்பதன்று.

விடையால் எதுவும் மாறாத பரிசோதனைகளும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுத்துக் கிரேடைப் பார்ப்பது அவற்றுள் முதன்மையானது. கொழுப்பைப் பார்ப்பதற்கென்றே சி.டி. ஸ்கேன் எடுப்பது கதிர்வீச்சை வீணாக ஏற்பது. சிரோசிஸ் இல்லாதவர் புற்றுநோய்க் குறியீடுகளுக்கு ரத்தம் கொடுப்பது, பதற்றத்துக்கு விலைகொடுப்பது.

மறுபுறம், கல்லீரலுக்குத் தொடர்பில்லாததுபோல் தோன்றும் சில பரிசோதனைகளை யாரும் தவிர்க்கக் கூடாது. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது கல்லீரல் நோயன்று, இதயநோய். எனவே ஃபிப்-4 எவ்வளவு குறைவாக இருந்தாலும் ரத்த அழுத்தம், எச்.பி.ஏ.1சி., ரத்தக் கொழுப்புகள், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றைப் பார்த்தே ஆக வேண்டும். கல்லீரலில் கொழுப்பு இருக்கிறது என்பதற்காக ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையை நிறுத்துபவர்களை அடிக்கடி காண்கிறோம். அது தேவையற்றது, ஆபத்தானதும்கூட.

படி 10: மருத்துவரிடம் எதை எடுத்துச் செல்வது

பத்துக் கோப்புகளைச் சுமந்து செல்வதைவிட ஒரு பக்கத் தாள் பயன்தரும். வயது, எடை, இடுப்புச் சுற்றளவு, நீரிழிவு எத்தனை ஆண்டுகள், உட்கொள்ளும் எல்லா மருந்துகளும், நாட்டு மருந்துப் பொடிகளும் புரதப் பொடிகளும் உட்பட, வாரத்துக்கு எவ்வளவு மது, குடும்பத்தில் யாருக்கேனும் கல்லீரல் நோய் உண்டா என்பவற்றை எழுதுங்கள். அதன் கீழே, கிடைத்த ஒவ்வொரு பரிசோதனையின் தேதியோடு ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி., பிளேட்லெட், கணக்கிட்ட ஃபிப்-4 ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள். ஐந்தாண்டுகளில் பிளேட்லெட் 2,60,000-இலிருந்து 1,70,000-க்கு இறங்கியிருந்தால், ஒவ்வொரு அறிக்கையும் தனியே 'இயல்பு' என்று சொல்லியிருக்கும். வரிசையாக எழுதிய தாள்தான் சரிவைக் காட்டும். பிறகு, 'எனக்குத் தழும்பு இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். 'கிரேடு எவ்வளவு' என்று கேட்டுத் தொடங்கும் உரையாடல் வேறெங்கோ போய்விடும்.

படி 11: இப்போது வேண்டாம் என்றால், எப்போது?

ஃபிப்-4 குறைவாக வந்து, மேற்பரிசோதனை வேண்டாம் என்று முடிவானவர்கள் கதவை மூடிவிடக் கூடாது. நீரிழிவோ, அதற்கு முந்தைய நிலையோ, வேறு இரண்டு மூன்று காரணிகளோ இருப்பவர்கள் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், எதுவும் இல்லாதவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தால் போதும். தழும்பு ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு நகர, அழற்சி இல்லாத வெறும் கொழுப்பு உள்ளவர்களுக்குச் சராசரியாக 14 ஆண்டுகளும், அழற்சி உள்ளவர்களுக்கு 7 ஆண்டுகளும் ஆகின்றன. மிக வேகமாக நகர்பவர்களும் சிலர் உண்டு என்பதால்தான் இந்த இடைவெளிகள் அவ்வளவு நீளமாக வைக்கப்படவில்லை.

இடைப்பட்ட காலத்தில் எடை குறைந்தால் கணக்கும் மாறும். உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்குகிறது. 7 சதவீதத்தில் அழற்சி தணிகிறது. 10 சதவீதத்தை எட்டியவர்களில் பலருக்குத் தழும்பே பின்வாங்குவதைக் கண்டிருக்கிறார்கள். 80 கிலோ எடையுள்ளவருக்கு இவை முறையே 4, 5.6, 8 கிலோ. எடை குறைந்து மூன்று நான்கு மாதம் நிலைத்த பிறகு எடுக்கும் ரத்தப் பரிசோதனையை அந்த ஒரு பக்கத் தாளின் அடுத்த வரியாக எழுதி, பழைய எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.